அப்பாவின் வேட்டி முனை

“அப்பா, நான் எதை எடுத்துக்கணும்?”

“நீ ஒண்ணும் எடுக்க வேண்டாம் பாப்பா. என் வேட்டி முனையைப் பிடிச்சுக்கோ. அது போதும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா விடக்கூடாது.”

இந்தப் பேச்சு நடந்தபோது ரெங்கம்மாளுக்கு ஆறு வயது. இப்போது பத்து முடிந்துவிட்டது. இதற்குள் அண்ணன் பிச்சைமுத்துவின் வேலை மாறிவிட்டது. முன்பு கோழிக்கூடை, இப்போது பசுமாடு. எட்டு மாதக் குழந்தை தங்கையனுக்குக்கூட அம்மாவின் இடுப்பில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. ரெங்கம்மாளின் வேலை மட்டும் மாறவே இல்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே எட்டு வீடுகள் இருந்தன. அதில் ஒன்று அவர்களுடையது. மற்ற ஏழு வீடுகளிலும் இல்லாத ஒரு வழக்கம் அந்த வீட்டில் உண்டு. அங்கே அமாவாசைக்கு அமாவாசை வெள்ளம் வரும்.

நிஜ வெள்ளம் இல்லை, ஒத்திகை வெள்ளம்.

அமாவாசையன்று ஊரில் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். அப்பா செல்லக்கண்ணுவுக்கும் அன்று வேலை கிடையாது. காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போவார். அங்கே பழைய ஏரின் இரும்புக் கொழு ஒன்று கயிற்றில் தொங்கும். உலக்கையால் அதை ‘டங், டங், டங்’ என்று அடிப்பார்.

சத்தம் கேட்டதும் ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வாய்க்காலைத் தாண்டி, ரயில் தண்டவாளத்துக்காகப் போட்ட உயரமான மண்மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அப்பா எல்லோரையும் எண்ணுவார். பிறகு எல்லோரும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்புவார்கள்.

அம்மா பொன்னுத்தாயின் சாமான் விதைப்பானை. அடுத்த வருஷ விதைநெல் அதற்குள்தான் இருக்கும்.

“ஏங்க, வெள்ளமே இல்லாம நடக்கறதுக்கு நெல்லு எதுக்கு? காலிப் பானை போதாதா?” என்று முதல் அமாவாசையிலேயே அம்மா கேட்டாள். அப்பாவுக்கும் அது சரியென்றுதான் பட்டது. அன்று முதல், நெல் நிறைந்த பானை சாணி மெழுகிய மூடியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும். அதே அளவுள்ள காலிப் பானைதான் மாதாமாதம் அம்மாவின் தலையில் ரயில் மேட்டுக்குப் போய் வரும்.

அடுத்த வீட்டு வீரம்மாள் அத்தைக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. வேலியில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

“என்ன பொன்னுத்தாயி, இந்த மாச வெள்ளம் வந்துட்டுப் போயிருச்சா? எங்க வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே!”

“உங்க வீட்டுக்கு அடுத்த மாசம் வருதாம் மதினி. சொல்லச் சொல்லுச்சு” என்பாள் அம்மா.

“மேட்டுக்குப் போறதுதான் போறீங்க, கட்டுச்சோறாவது கட்டிட்டுப் போகக்கூடாதா?”

பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு மாட்டை ஓட்டுவான். அப்பா மட்டும் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருவெள்ளம் வந்தது. அப்போது அப்பாவின் தங்கை வெள்ளையம்மாளுக்கு ஒன்பது வயது. அந்த வெள்ளத்தில் அவள் போய்விட்டாள். அப்பா அதற்குமேல் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ரெங்கம்மாள் ஆற்றில் கால் நனைக்கக்கூட அவர் விட்டதில்லை.

சென்ற கோடையில் பிச்சைமுத்து நீச்சல் கற்றுக்கொண்டான். வாழைமரத்துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் காலை அடித்தான். பத்தாம் நாள் துண்டை விட்டுவிட்டு நீந்தினான். ரெங்கம்மாள் கரையில் உட்கார்ந்து அவனுடைய துணிக்குக் காவல் இருந்தாள்.

தனக்கும் நீச்சல் கற்றுத்தரும்படி அப்பாவிடம் கேட்க வேண்டும். ஒரு வருஷமாக அவள் மனத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். அவளும் ஒத்திகை பார்த்தாள். கோழிகளிடம் கேட்டாள். தங்கையனிடம் கேட்டாள். மயிலைப் பசுவிடம் கேட்டாள். மயிலை அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி அமாவாசை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. காலையிலேயே தலையாரி தமுக்கடித்துக்கொண்டு வந்தார்.

“புயல் வருதுன்னு ஸ்ரீரங்கத்துக்குத் தந்தி வந்திருக்கு! கொள்ளிடத்திலே தண்ணி ஏறுது! கரை காவலுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மத்தியானத்துக்குள்ள வந்துரணும்!”

வானம் சாம்பலைக் கரைத்துவிட்டதுபோல இருந்தது. காற்று இன்னும் வரவில்லை. ஆனால் மயிலை தண்ணீர் குடிக்க மறுத்தது. கோழிகள் கூடையைவிட்டு வெளியே வரவில்லை.

அப்பா ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கவில்லை. அவரும் பிச்சைமுத்துவும் தோட்டத்தில் இறங்கி வாழை இலைகளை வெட்டித் தள்ளினார்கள்.

“ஏம்ப்பா நல்ல இலையை எல்லாம் வெட்டறீங்க?” என்றாள் ரெங்கம்மாள்.

“இலை இருந்தா காத்து அதைப் பிடிச்சு மரத்தையே சாச்சிடும். மொட்டையா நின்னா பொழைச்சாலும் பொழைக்கும்.”

வெட்டிய இலைகளை அவள் இழுத்துவந்து கொல்லைப்புறத்தில் குவித்தாள். குவியல் அவள் உயரத்துக்கு வளர்ந்தது.

பிறகு கூரையின் குறுக்கே கயிறுகளைப் போட்டு, இரண்டு பக்கமும் கனமான கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கல் போதவில்லை. அம்மிக்கல்லும் கூரைக்குப் போயிற்று.

“நாளைக்குத் துவையல் அரைக்கணும்னா ஏணி வெச்சுத்தான் ஏறணும்” என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. அவளுமே சிரிக்கவில்லை.

விறகும் வரட்டியும் கோழிக்கூடையும் பரணுக்கு ஏறின. தீப்பெட்டியைக் காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் போட்டு, வாயை மெழுகால் அடைத்தாள் அம்மா. குடத்திலும் தவலையிலும் நல்ல தண்ணீர் நிரப்பினாள். வெள்ளம் வந்தால் கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிடும்.

மத்தியானம் அப்பா கிளம்பினார். கரையில் சேற்று வேலை. வேட்டியை அவிழ்த்து வீட்டுக்குள் கொடியில் போட்டார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

“மறுபடி தமுக்குச் சத்தம் கேட்டுச்சுன்னா உடனே மேட்டுக்குப் போயிருங்க. எனக்காக நிக்கக் கூடாது. அவங்கவங்க சாமானை எடுத்துக்கங்க.”

“அப்பா, நான்?” என்றாள் ரெங்கம்மாள்.

“நீ என் வேட்டி…” என்று பழக்கத்தில் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். இடுப்பில் துண்டுதான் இருந்தது. அவரும் இருக்கப்போவதில்லை. இத்தனை அமாவாசைகளில் அவர் நினைத்தே பார்க்காத விஷயம் அது.

“அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கோ” என்றார் மெதுவாக.

இப்போது கேட்டுவிடலாமா? ரெங்கம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா வேலியைத் தாண்டிவிட்டார்.

முதல் காற்று வந்தது. எங்கோ ஒரு வாழை ‘மடக்’ என்று முறிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. தங்கையன் வீறிட்டு அழுதான்.

அப்போது அந்தக் காற்றையும் மீறித் தமுக்குச் சத்தம் கேட்டது.

“கிளம்புங்க! கிளம்புங்க!” என்றாள் அம்மா.

பிச்சைமுத்து ஓடிப்போய் மயிலையை அவிழ்த்தான். அம்மா தங்கையனை இடுப்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விதைப்பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

பானை அசையவில்லை.

மறுபடி தூக்கினாள். அரையடி எழும்பிப் ‘பொத்’தென்று உட்கார்ந்தது. அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று.

“ஐயோ… மாசாமாசம் காலிப் பானையை இல்ல தூக்கினேன்!”

“நான் ஒரு கை பிடிக்கறேம்மா” என்று பிச்சைமுத்து ஓடிவந்தான். இருவரும் சேர்ந்தால் தூக்க முடிந்தது. ஆனால் அந்தக் காற்றில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடப்பது எப்படி? மாட்டை யார் ஓட்டுவது?

“இருக்கட்டும், விடு. உசிரு இருந்தா நெல்லு வாங்கிக்கலாம்” என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வருஷச் சோறு முழுவதும் அந்தப் பானைக்குள் இருந்தது.

ரெங்கம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டி தொங்கியது. கதவுக்கு வெளியே, மழையில் பளபளத்தபடி, அவளே குவித்த வாழை இலைகள்.

“அம்மா, ஒரே நிமிஷம்! கட்டுச்சோறு மாதிரி கட்டிடலாம்!”

வேட்டியைத் தரையில் விரித்தாள். பெரிய இலைகளாகப் பார்த்து இழுத்துவந்து, துடைத்து, ஒரு முனையில் மூன்று அடுக்கும் மறுமுனையில் மூன்று அடுக்கும் போட்டாள். பிச்சைமுத்து பானையைச் சாய்த்தான். நெல் சரசரவென்று இரண்டு குவியலாக விழுந்தது. மேலும் இலை போட்டு, மடித்து, வேட்டியின் இரண்டு முனைகளிலும் இரண்டு மூட்டை. நடுவில் நீளமாகத் துணி.

“இப்ப இதை யாரு தூக்கறது?” என்றான் பிச்சைமுத்து.

“மயிலைதான்! முதுகுக்குக் குறுக்கே போடு. ரெண்டு பக்கமும் தொங்கும்.”

மயிலை திரும்பிப் பார்த்தது. பால் கொடுக்கிற தன்னைப் பொதிமாடாக்கியது அதற்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்தது.

வேலியருகே வந்ததும் ரெங்கம்மாள் நின்றாள். அடுத்த வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வீரம்மாள் அத்தை தனியாக நின்றிருந்தாள். அவள் புருஷனும் கரை காவலுக்குப் போயிருந்தார். அத்தை குடத்தை எடுத்தாள், வைத்தாள். பெட்டியை எடுத்தாள், வைத்தாள். தலையணையை எடுத்தாள்.

“அத்தை! வாங்க!”

“எதைடி எடுக்கறது? ஒண்ணும் புரியலையே! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!”

“ஏதாவது ஒரு சாமானை எடுங்க. ஒண்ணே ஒண்ணு! எங்க பின்னாலயே வாங்க. எங்களுக்கு வழி நல்லாத் தெரியும்.”

அத்தை கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வழி உண்மையிலேயே நன்றாகத் தெரிந்திருந்தது. மழையில் நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் வரப்பு திரும்பும், எங்கே கல் இருக்கும் என்று அவர்களின் கால்களுக்கே தெரிந்தது. அப்பா கூட்டிப்போன நாற்பது ஐம்பது அமாவாசைகள் அவர்களை வாய்க்கால் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

அங்கே எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

வாய்க்காலின்மேல் இரண்டு பனைமரங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள். மயிலை கீழே இறங்கிப் போகும். எப்போதும் அதன் குளம்புதான் நனையும். இன்றைக்குக் கரை முட்டச் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது.

“நான் அம்மாவை அக்கரையிலே விட்டுட்டு வரேன். நீ கயித்தைப் பிடிச்சுக்க” என்று பிச்சைமுத்து மாட்டுக் கயிற்றை ரெங்கம்மாளிடம் கொடுத்தான்.

அவன் பின்பக்கமாக நடந்தபடி அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனான். அடுத்து வீரம்மாள் அத்தையைக் கொண்டுபோய் விட்டான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

ஆனால் மயிலைக்குப் பொறுமை இல்லை. பிச்சைமுத்து அக்கரையில் நிற்பதைக் கண்டதும் ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. கயிறு ரெங்கம்மாளின் கையைவிட்டு நழுவியது. மாடு இறங்கிய வேகத்தில் ஒரு பக்கத்து மூட்டை சரிந்து கீழே இறங்கத் தொடங்கியது. அது இறங்கினால் மறுபக்கத்து மூட்டையும் அதோடு தண்ணீருக்குப் போய்விடும்.

ரெங்கம்மாள் யோசிக்கவில்லை. மேலே இருந்த மூட்டையின் முடிச்சில் வேட்டி முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாவிப் பிடித்துத் தொங்கினாள். மூட்டைகள் நின்றன. மாடு நிற்கவில்லை. அவளும் மாட்டோடு வாய்க்காலுக்குள் இறங்கினாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. பிறகு காலுக்குக் கீழே தரையே இல்லை.

“ரெங்கு!” என்று அம்மா அலறினாள்.

‘விடக்கூடாது.’ அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. ஒன்று… மூக்கில் தண்ணீர் ஏறியது. இரண்டு… வேட்டி முனை விரல்களை அறுத்தது. மூன்று… நான்கு என்று எண்ணுவதற்குள் அவளுடைய சடையை யாரோ கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

“விடு அண்ணே, சடை வலிக்குது!”

“நீ முதல்லே வேட்டியை விடு!” என்றான் பிச்சைமுத்து. மயிலை கரையேறி உடம்பைச் சிலிர்த்து, எல்லோர்மேலும் தண்ணீரைத் தெளித்தது. மூட்டைகள் இரண்டும் பத்திரமாக இருந்தன.

ரயில் மேட்டில் எட்டு வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். கீழ் இலை மட்டும்தான் ஈரம். உள்ளே நெல் உலர்ந்திருந்தது.

வீரம்மாள் அத்தை அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். அதில் ஒரு விளக்குமாறு இருந்தது.

“அடப்பாவமே! பெட்டியை விட்டுட்டு இதையா தூக்கிட்டு வந்தேன்!”

“வெள்ளம் வந்தா பெருக்கித் தள்ளிடலாம் மதினி” என்றாள் அம்மா. அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே உங்க வீட்டு வெள்ளத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன் பொன்னுத்தாயி.”

காற்று தணியத் தணியக் கவலை ஏறியது. கரையில் இருந்தவர்கள் ஒருவரும் வரவில்லை. ரெங்கம்மாள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கையன் அழுது களைத்துத் தூங்கிவிட்டான்.

வெளிச்சம் குறையும் நேரத்தில் தண்டவாளத்தின்மேல் ஓர் உருவம் ஓடிவந்தது. தலை முதல் கால்வரை சேறு. கையில் மண்வெட்டி இல்லை.

“அப்பா!”

அவர் நேராக அவர்களிடம் வந்தார். விரலை நீட்டி எண்ணினார். “ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…” மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“கரை நிக்குது. ரெண்டு எடத்துலே கசிஞ்சுது, அடைச்சுட்டோம். மத்தவங்க பின்னாலே வராங்க” என்றார். “வீட்டுக்குப் போனேன். பானை கவுந்து காலியாக் கிடந்துச்சு. வாய்க்கால்லே அவ்வளவு தண்ணி. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

அம்மா மூட்டைகளைக் காட்டினாள். அப்பா தன் வேட்டியைத் தடவிப் பார்த்தார்.

“யாரு கட்டினது?”

“உங்க பொண்ணுதான். வாய்க்கால்லே அதை விடாம பிடிச்சதும் அவதான்” என்றாள் வீரம்மாள் அத்தை. நடந்ததையெல்லாம், கையில் விளக்குமாற்றை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

அப்பா ரெங்கம்மாளின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவளுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். சிவந்து கன்றியிருந்தன.

“கால் எட்டுச்சா?”

“மூணு எண்ணுற வரைக்கும் எட்டலே.”

“பயந்தியா?”

“ரொம்பப் பயந்தேம்ப்பா.”

அப்பா அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் மூடிக்கொண்டார். பெருமழை தூறலாகிவிட்டிருந்தது. மயிலை அவருடைய முதுகை மூக்கால் தள்ளியது.

“அடுத்த அமாவாசையிலேருந்து பானையை நெல்லோடதான் தூக்கணும்” என்றார் அப்பா. “நான் இல்லாமயும் ஒரு தடவை போய்ப் பாக்கணும். உன் வேலையையும் மாத்தணும். உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு பாப்பா.”

ரெங்கம்மாள் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தண்ணி வடிஞ்சதும், எனக்கு நீச்சல் கத்துக் குடுங்கப்பா.”